குலசேகரத்தில் ஒரு எம்ஜி ஏ: இன்ஜினை இறக்கி வேறு ஏற்றலாமா?

சிரட்டை
எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஷெட்டில் ஒரு எம்ஜி ஏ 1500, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், நிற்கிறது. 1957 மாடல், துணிக்கூரை மடக்கும் வகை. மாமா 1969இல் கேரளத்து எஸ்டேட்டிலிருந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு மேனேஜரிடம் வாங்கியது. 2005 வரைக்கும் ஓட்டினார். அப்புறம் முட்டு வலி. அதன்பிறகு வண்டி ரப்பர் ஷீட் காயப்போடும் ஷெட்டில் ஒதுங்கிவிட்டது. மாமா போன வருடம் தவறினார், சாவி என் கைக்கு வந்தது.

சின்ன வயதில் இந்தக் காரில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், கதவுக்கு வெளியில் கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தால்தான் திறக்கும். அந்தக் கயிறு இப்போதும் இருக்கிறது. மற்றபடி நிலைமை மோசம். தரைப்பலகை பிளைவுட், கால்வாசி கரையான் தின்றுவிட்டது. சேஸிஸ் மட்டும் தட்டிப்பார்த்தால் கணீரென்று கேட்கிறது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் இம்மி அசையவில்லை. இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே ஓடியதில்லை, அதன் கேபிள் முனையைக் கட்டுக்கம்பியால் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பக்கத்து ஊர் ஒர்க்ஷாப்பில் வந்து பார்த்தார்கள். "இத இறக்கிப் போட்டுட்டு இசுசு 1.8 ஏத்திரலாம், அஞ்சு கியரோட, ஒரு மாசத்துல ஓட்டலாம்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொருவர் அம்பாசிடர் இன்ஜினே போதும் என்கிறார். எதைச் செய்யலாம்?

பார்வதிபுரம்பாலம்
அண்ணா, யோசிக்காமல் இசுசு போடுங்கள். காண்டசா காரிலும், 1992க்குப் பிறகு வந்த அம்பாசிடர் 1800லும் இருந்த அதே 1817 சிசி இன்ஜின். ஓவர்ஹெட் கேம், ஐந்து கியர், காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். 68 வருடத்து இன்ஜினுக்கு பார்ட்ஸ் தேடி அலைவதைவிட, வண்டியை ஓட்டுவதுதானே முக்கியம்? ஷெட்டில் நிற்கிற ஒரிஜினலைவிட ரோட்டில் ஓடுகிற டூப்ளிகேட் மேல்.

கோட்டாறு லேத்
தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் எல்லாரும் இரண்டாவது கேள்வியில் நிற்கிறோம். முதல் கேள்வி, இந்த இன்ஜினுக்கு என்ன வியாதி? அதைத் திறந்து பார்க்காமலே சாவு எழுதிவிட்டார்கள்.

சிரட்டை, நீங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. எம்ஜி ஏ 1500இல் இருப்பது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி சீரிஸ் இன்ஜின், 1489 சிசி. அம்பாசிடரில் 1959 வாக்கில் வந்து பல பத்தாண்டுகள் ஓடியதும் இதே 1489 சிசிதான். போர் (சிலிண்டர் விட்டம்) 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88.9. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இங்கிலாந்தில் இதே ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரை மட்டும் பெரிதாக்கி 1588, 1622, கடைசியில் எம்ஜி பிக்கு 1798 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். நம் ஊரில் அதே இன்ஜின் கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. எம்ஜியில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், பெரிய வால்வு, கூடுதல் கம்ப்ரஷன், 72 குதிரைத் திறன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே பார்ட்ஸ் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஊற்றுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். செல்ஃப் மோட்டாரைத் தொடவே வேண்டாம், கையால் ஹேண்டில் மட்டும். இன்ஜின் சுற்ற வந்தால் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம், எடுத்து இங்கே போடுங்கள்.

பார்வதிபுரம்பாலம்
அம்பாசிடர் இன்ஜின்தான் என்றால் எதற்கு இவ்வளவு பக்தி, அதையும் தூக்கிப் போடலாமே :)

இஞ்சு ஸ்பேனர்
பாலம் தம்பி, நீங்கள் பிரேக்கை மறந்துவிட்டீர்கள். எம்ஜி ஏ 1500க்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்னால் டிஸ்க் வந்தது 1959இல் 1600 மாடலில். பேச்சிப்பாறையிலிருந்து இறங்கி வரும்போது ஐந்தாவது கியரில் பறந்தால் நிறுத்துவது யார்? அப்புறம் இசுசு உள்ளே போக வேண்டுமென்றால் மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும், கியர் லீவர் வரும் இடம் மாறும், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குட்டையாக்கிப் பேலன்ஸ் செய்ய வேண்டும். "ஒரு மாசம்" என்று சொன்னவரிடம் எந்த வருடத்து மாதம் என்று கேளுங்கள்.

ஆர்டிஓ வாசல்
சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் வாசலில் வந்து அழ வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சி புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. இன்ஜின் மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். 2019இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கித்தான் பிடித்தது, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று. சிசி மாறி, கியர் பாக்ஸ் மாறி, வேறு கம்பெனி இன்ஜின் என்றால் நாகர்கோவில் டிஎன் 74 ஆனாலும் மார்த்தாண்டம் டிஎன் 75 ஆனாலும் கதை ஒன்றுதான்.

இன்னொன்று உங்களுக்குப் பயன்படும். 2021இல் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்டத்துக்கு அல்ல, கண்காட்சி, ராலி அந்த மாதிரிக்கு மட்டும். இசுசு போட்ட நிமிடத்திலேயே இந்தக் கதவு சாத்திவிடும்.

ஆர்சி புக் கையில் இருக்கிறதா? முதலில் அதைத் தேடுங்கள்.

சிரட்டை
எல்லாருக்கும் நன்றி. ஆர்சி புக் மாமாவின் தேக்குப் பெட்டியில் இருக்க வேண்டும், சாவி அத்தையிடம். அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வரட்டும்.

ஒன்பதாவது நாள் காலையில் ஹேண்டில் ஒரு முக்கு முக்கி அசைந்தது! ஒரு முழுச் சுற்று வந்தபோது நானும் பால்வெட்டுக்கு வரும் அண்ணனும் சேர்ந்து கத்திய கத்தில் கோழி எல்லாம் பறந்துவிட்டது. பேட்டரி வைத்து, பிளக் இல்லாமல் சுற்றிவிட்டு, கம்ப்ரஷன் எடுத்தோம். 1ஆம் சிலிண்டர் 110 பிஎஸ்ஐ, 2ஆவது 105, 3ஆவது வெறும் 20, 4ஆவது 100.

கோட்டாறு லேத்
பேட்டரி வைத்தேன் என்கிறீர்கள், எந்தப் பக்கம் எர்த் கொடுத்தீர்கள்? எம்ஜி ஏ பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போக வேண்டும். நம் ஊர் எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் நெகட்டிவைப் பாடியில் கடித்துவிடுவார். சிவப்புப் பெயின்ட் எடுத்துப் பேட்டரிப் பெட்டி மேலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றில் மட்டும் 20 என்றால், நின்றபோது அந்தச் சிலிண்டரின் வால்வு திறந்திருக்கும். ஈரக்காற்று உள்ளே போய் சுவரைத் தின்றிருக்கும். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, ஷெட்டில் நின்ற வண்டிக்கு இரண்டும் உண்டு. கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். ஏறாவிட்டால் வால்வு, ஏறினால் ரிங்கும் சுவரும். எப்படியும் ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டும். அடியில் பேரிங் எப்படி என்றும் தெரியாது. என் கருத்து, முழுசாக இறக்கிவிடுங்கள்.

சிரட்டை
எண்ணெய் விட்டால் 20 இருந்தது 55 ஆகிறது. அப்போ சுவர்தான். சரி, இறக்குகிறேன். கியர் பாக்ஸோடு சேர்த்தா, தனியாகவா? எங்கள் முற்றத்தில் நல்ல தடிமனான அயனி மரம் ஒன்று இருக்கிறது, அதன் கொம்பில் செயின் பிளாக் கட்டலாமா?

முட்டம் டீசல்
அயனி மரமா! வேண்டாம் மக்கா. இருபத்தாறு வருடமாகப் போட் இன்ஜின் இறக்கி ஏற்றுகிறேன். கொம்பு முறிவதுகூடப் பிரச்சினை இல்லை, வளையும். நீங்கள் இழுக்க இழுக்கக் கொம்பு கீழே வரும், இன்ஜின் அதே இடத்தில் இருக்கும். எடை ஏறி பட்டென்று விட்டால் கால் போய்விடும். பி சீரிஸ் முழுக்க வார்ப்பிரும்பு. கியர் பாக்ஸோடு சேர்த்தால் 200 கிலோவை ஒட்டி வரும். இரும்புக் குழாய் முக்காலி போடுங்கள், மூன்று காலையும் கீழே சங்கிலியால் பிணைத்துவிடுங்கள், கால் விரியாமல் இருக்கும். முக்காலி என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பித் தந்தால் போதும்.

இஞ்சு ஸ்பேனர்
சேர்த்தே எடுங்கள். எம்ஜி ஏயில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுக்குக் கை போகாது. எப்படியும் கரையான் தின்ற தரைப்பலகையும் கியர் பாக்ஸ் மேல் மூடியும் கழற்றத்தான் போகிறீர்கள். பானெட், ரேடியேட்டர், கார்புரேட்டர், சைலன்சர் மேனிஃபோல்ட், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் முன்கூட்டியே போய்விடட்டும், வழி குறுகல். கிளட்ச் ஹைட்ராலிக், குழாயைத் திறக்காமல் அடிச் சிலிண்டரை மட்டும் போல்ட் கழற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள், ஏர் எடுக்கும் வேலை மிச்சம்.

முக்கியமாக, தண்ணீர்ச் சூடு காட்டும் மீட்டரின் மெல்லிய குழாய். அதற்குள் ஆவி அடைத்திருக்கும், வயர் அல்ல. மடங்கி ஒடிந்தால் மீட்டரே போயிற்று. பல்பைத் திருகிக் கழற்றி, சுருளாக டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். நட்டு போல்ட் எல்லாம் இஞ்சு அளவு. 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டு உருட்டாதீர்கள், அரை இஞ்சு போடுங்கள்.

சிரட்டை
இறக்கியாயிற்று. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், சிரிக்கலாம்.

போல்ட்டும் நட்டும் கலந்துவிடக்கூடாது என்று ரப்பர்பால் பிடிக்கும் சிரட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதினேன்: ரேடியேட்டர், மவுண்டிங் இடது, மவுண்டிங் வலது, செல்ஃப்... மொத்தம் முப்பத்தொரு சிரட்டை. திண்ணை முழுக்க. அத்தை வந்து பார்த்துவிட்டு, "பால் வெட்டுகதுக்கு சிரட்டை இல்லேண்ணு அவன் சொல்லுதான், இங்க நட்டு அடுக்கி வச்சிருக்கே" என்றார்.

முட்டம் அண்ணனின் முக்காலி வந்தது, அண்ணனும் கூடவே வந்தார். சங்கிலியை முன் தகட்டிலும் பின்னால் பெல் ஹவுசிங் போல்ட்டிலும் கொடுத்தோம். நான்கு இழுப்பில் இன்ஜின் ஏறியது. ஐந்தாவது இழுப்பில் காரும் சேர்ந்து ஏறியது! முன் சக்கரம் தரையை விட்டு நான்கு விரல் மேலே. அண்ணன் "நிப்பாட்டு" என்று சொன்ன தொனியை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கீழே படுத்துப் பார்த்தால் கியர் பாக்ஸ் பின் மவுண்டிங்கில் ஒரு போல்ட் அப்படியே இருக்கிறது. அழுக்குக்குள் மறைந்திருந்ததால் எண்ணாமல் விட்டிருக்கிறேன். "சிரட்டை முப்பத்தொண்ணு, நெனப்பு ஒண்ணு குறைவு" என்றார்.

அதையும் கழற்றி, முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ, 45 டிகிரி வாக்கில் சாய்த்து எடுத்தோம். அப்போதுதான் தெரிந்தது, கியர் பாக்ஸ் ஆயிலை வடிக்கவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்ற வாயிலிருந்து கறுப்புத் தேன் மாதிரி மொத்தமும் சேஸிஸ் மேல் வழிந்தது. கரையானுக்கு இனி அந்தப் பக்கம் வர மனசு வராது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இஞ்சு ஸ்பேனர்
ஆயில் வடிக்கச் சொல்ல மறந்தது என் தப்பு. மன்னிக்கவும். நானும் என் முதல் வண்டியில் அதே அபிஷேகம் செய்தவன்தான்.

வடசேரி ஸ்டாண்ட்
இத்தனை நாளும் வாசிச்சுட்டு சும்மா இருந்தேன். நாப்பது வருசம் ஸ்டாண்டுல அம்பாசிடர் ஓட்டினவன், வேலையும் நானே பாத்துக்கிடுவேன். ஒரு சந்தேகம், கேட்டுர்றேன்.

முதல் பதிவில் டாக்கோமீட்டர் கேபிள் தொங்குதுன்னு சொன்னியளே, அது அன்னைக்கே உறுத்துச்சு. எம்ஜி ஏயில் டாக்கோ கேபிள் டைனமோவின் பின்முதுகில் உள்ள ஒரு சின்ன கியர் மூக்கிலிருந்து வரும். அம்பாசிடர் டைனமோவில் அந்த மூக்கே கிடையாது. அப்போ உங்க வண்டியில் டைனமோ மாறியிருக்கு. டைனமோ மட்டும் எரிஞ்சு மாத்தியிருக்கலாம், அது சகஜம். ஆனாலும் ரெண்டு விசயம் பாருங்க. பிளாக்கின் பக்கவாட்டில் பெட்ரோல் பம்ப் உக்காரும் இடம் எப்படி இருக்கு? எம்ஜிக்கு பின்னால எலக்ட்ரிக் பம்ப், நம்ம அம்பாசிடருக்கு பிளாக்கில் மெக்கானிக்கல் பம்ப். அப்புறம் பிளாக்கில் ரிவெட் அடிச்ச நம்பர் தகடு, அதுல எம்ஜி இன்ஜினுக்கு உள்ள மாதிரி 15ஜின்னு தொடங்குதா?

சிரட்டை
ஐயா, கை நடுங்க டைப் செய்கிறேன்.

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போட்டுத் தேய்த்தேன். பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அலுமினியத் தகடு. கம்பெனித் தகடு இல்லை. ஹேக்சாவில் அறுத்த பல் ஓரத்தில் அப்படியே தெரிகிறது, ஒரு மூலையை அரம் வைத்து உருட்டியிருக்கிறார்கள். அடியில் கேஸ்கட்டுக்குப் பதில் ஏதோ காலண்டர் அட்டை. அதில் பாதி எழுத்து இன்னும் இருக்கிறது, ஒரு "வெள்" மட்டும் தெரிகிறது, வெள்ளிக்கிழமை போல. நம்பர் தகட்டில் வெறும் எண்கள்தான், 15ஜி எதுவும் இல்லை.

அத்தையிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்தேன். ஆர்சி புக்கில் இன்ஜின் நம்பர் எழுதிய இடத்தில் 15ஜிபி என்று தொடங்கும் பழைய எண் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் புது எண், சீல், கையெழுத்து, தேதி 1974. இப்போது தகட்டில் இருக்கும் அதே எண்.

ஆக, நான் காப்பாற்றவா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த ஒரிஜினல் இன்ஜின், ஐம்பது வருடமாக அம்பாசிடர் இன்ஜின்.

பார்வதிபுரம்பாலம்
😂😂 அண்ணா, அப்போ நான் சொன்னதை உங்கள் மாமா 1974லேயே செய்துவிட்டார்!

வடசேரி ஸ்டாண்ட்
சந்தேகம் தீர்ந்துச்சு. அந்தக் காலத்துல வெளிநாட்டு சாமான் இறக்குமதி பண்ணுகது லேசுப்பட்ட காரியமா? பிளாக் வெடிச்சிருக்கும், இல்லேன்னா கிராங்க் ஒடிஞ்சிருக்கும். ஸ்டாண்டு பக்கத்துல ஒரு அம்பாசிடர் இன்ஜின் கிடைச்சிருக்கும். முன் தகடு, பின் தகடு, ஃப்ளைவீல், கிளட்ச், இரட்டை கார்புரேட்டர் எல்லாம் எம்ஜியோடதை இதுல மாத்திப் போட்டிருப்பாங்க, மவுண்டிங் நேரா உக்காரும். டைனமோவை மட்டும் விட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு, உங்க மாமா ஆர்சியில் ஏத்தி சீல் வாங்கியிருக்காரு பாத்தியளா, அது பெரிய விசயம். முக்காவாசிப் பேர் ஏத்தவே மாட்டாங்க.

ஆர்டிஓ வாசல்
உண்மைதான். அப்போது 1939 சட்டம் நடப்பில் இருந்தது, அதிலும் மாற்றத்தைப் பதிய வேண்டும் என்று இருந்தது. முறையாகப் பதிந்திருப்பதால் இந்த இன்ஜினோடு ஆர்சி சுத்தம். விண்டேஜ் பதிவுக்கு இது அசல் வடிவமா என்பதை மாநிலக் குழுதான் வண்டியைப் பார்த்துச் சொல்லும், நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இப்போது மறுபடி இன்ஜினை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

துபாய்குமரி
இங்கிலாந்தில் 15ஜி இன்ஜின் இன்னும் விற்பனைக்கு வருகிறது. ஒன்றை வாங்கி அனுப்பினால் வண்டி மறுபடி முழு எம்ஜி ஆகிவிடுமே? கஸ்டம்ஸ் செலவு ஆகும், ஆனால் பிற்காலத்தில் மதிப்பு கூடும்.

கோட்டாறு லேத்
வேறு ஒரு காரின் இன்ஜினை வாங்கி மாட்டினால் அது எப்படி ஒரிஜினல்? இந்தச் சேஸிஸோடு பிறந்தது போய்விட்டது, ஆர்சியில் சிவப்பு மைக்குள் கிடக்கிறது. அந்தக் குறிப்பிட்ட எண் எங்காவது பழைய இரும்பில் கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து தூக்குகிறேன். மற்றபடி இது இந்த வண்டியில் ஐம்பது வருடம் இருந்த இன்ஜின். பிறந்த இன்ஜின் பதினேழு வருடம்தான் இருந்தது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிரட்டை, பிளாக்கையும் ஹெட்டையும் கொண்டுவாருங்கள், அளந்து பார்ப்போம்.

சிரட்டை
மாமா 1974இல் எடுத்த முடிவை நான் மாற்றப்போவதில்லை. இசுசுவும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை. இந்த இன்ஜினையே கட்டப்போகிறேன். பிளாக்கை லேத் அண்ணனிடம் இறக்கிவிட்டேன்.

கோட்டாறு லேத்
அளந்த கதை: பிஸ்டன் தலையில் 040 (இஞ்சில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிது) என்று குத்தியிருக்கிறது. அதாவது ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ் வரை போரிங் ஆகிவிட்டது. மூன்றாவது சிலிண்டரில் துரு தின்ற குழி விரல் நகம் மாட்டும் ஆழம். இனி போரைப் பெரிதாக்க வழியில்லை. நாலு சிலிண்டருக்கும் லைனர் (உள்ளே செருகும் புதுக் குழாய்) இறக்கி, மறுபடி 73.025 ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவருகிறேன். ஸ்டாண்டர்டு அம்பாசிடர் பிஸ்டன் செட் கிடைக்கும். வாங்கியதும் அப்படியே தள்ளக்கூடாது. பழையதின் தலை வடிவம், அதன் பிஸ்டன் பின்னின் உயரம் இரண்டையும் புதியதோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன். ஹெட் எம்ஜியோடது என்றால் அம்பாசிடர் பிஸ்டனில் கம்ப்ரஷன் குறைந்து நிற்கலாம், ஹெட்டை எவ்வளவு தேய்ப்பது என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

கிராங்க் ஜர்னல் நன்றாக இருக்கிறது, மெருகு போட்டால் போதும். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் கடினச் சீட் போடுகிறேன். 2000த்தோடு ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது, பழைய சீட் இப்போதைய பெட்ரோலில் சீக்கிரம் தேயும். ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் புதிதாக வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது பங்க்கில் 20 சதவீதம் கலந்துதான் வருகிறது, பழைய ரப்பரை அது ஊறவைத்துவிடும்.

போல்ட்டும் நட்டும் இறுக்கும் முறுக்கு அளவையும் சொல்லிவிடுகிறேன். மெயின் பேரிங் 70 அடி பவுண்ட், கனெக்டிங் ராடு 35, ஹெட் நட்டு 50. ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில். ஓடிச் சூடாகி ஆறிய பிறகு ஒருதடவை திரும்பப் பிடித்து, வால்வு இடைவெளியும் திரும்பப் பாருங்கள்.

முட்டம் டீசல்
ஏற்றும்போது கூப்பிடு மக்கா. போல்ட்டை நான் எண்ணிக்கொள்கிறேன்.

சிரட்டை
இரண்டு மாதம் இங்கே வரவில்லை, மன்னிக்கவும். தரைக்குப் புது பிளைவுட், மரைன் ரகம், கரையான் மருந்து இரண்டு கோட். இன்ஜினும் கியர் பாக்ஸும் சனிக்கிழமை உள்ளே போயின, இந்தத் தடவை கார் மேலே எழவில்லை. முப்பத்தொரு சிரட்டையும் காலி. ஒரே ஒரு வாஷர் மிச்சம், அது எதனுடையது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் அதைப்பற்றிப் பேசவேண்டாம்.

பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து எண்ணெய் அழுத்தம் முள் ஏறும்வரை சுற்றினோம். பிறகு பிளக் போட்டு, சோக் இழுத்து... மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. லேத் அண்ணன் இரண்டு கார்புரேட்டர் வாயிலும் மாறி மாறி ரப்பர் குழாயை வைத்து, காதில் சத்தம் கேட்டு, இரண்டும் ஒரே சீறலாக வரும்வரை திருகினார். அதற்கென்று ஒரு மீட்டர் இருக்கிறதாம், அவர் தொடவே இல்லை. எண்ணெய் அழுத்தம் குளிர்ந்தபோது 60, சூடான பிறகு ஐடிலில் 20. நேற்று திற்பரப்பு வரை போய்வந்தேன். அத்தை பக்கத்து சீட்டில். கயிற்றை இழுத்துக் கதவைத் திறக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

டாக்கோ கேபிளை அப்படியே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாகக் கம்பி மாற்றவில்லை, பழைய கம்பியேதான். பம்ப் தகட்டையும் மாற்றவில்லை, கேஸ்கட் மட்டும் புதிது.

ஒரு சந்தேகம். இரவு நிறுத்திய இடத்தில் காலையில் பார்த்தால் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்கு எண்ணெய்ப் பொட்டு. பெல் ஹவுசிங் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்குகிறது, அங்கிருந்துதான் சொட்டுகிறது. மறுபடி இறக்க வேண்டுமா?

இஞ்சு ஸ்பேனர்
இறக்காதீர்கள்! இந்தக் கிராங்குக்குப் பின்பக்கம் சீலே கிடையாது. திருகு மாதிரி வெட்டிய காடி ஒன்று இருக்கும், சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். நின்றால் அதற்கு வேலை இல்லை, கொஞ்சம் சொட்டும். அந்த ஓட்டையே அதற்காக விட்டதுதான். அந்த ஸ்பிளிட் பின் ஆடி ஆடி அழுக்கு அடைக்காமல் பார்த்துக்கொள்ளும்.

வடசேரி ஸ்டாண்ட்
நாப்பது வருசம் எங்க ஸ்டாண்டு பூரா அந்தப் பொட்டுதான். சொட்டுகது நின்னா உள்ள எண்ணெய் இல்லேன்னு அர்த்தம், அப்போ மூடியத் திறந்து பாருங்க. இப்போதைக்கு அடியில ஒரு சிரட்டைய வச்சிருங்க.